ஒரு மாத்திரை போதாமல் போனபோது

என் தம்பி கோவையில் லேத் பட்டறை ஆள். அவனுக்கு சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் வேலையை விடவில்லை. சாப்பிட்டதும் 400 மில்லிகிராம் இமாட்டினிப் மாத்திரை ஒன்று, அவ்வளவுதான் வைத்தியம். 2013 ஏப்ரல் 1 அன்று அந்த மருந்துக்குக் காப்புரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னதால்தான் இந்தியக் கம்பெனி மாத்திரை எங்கள் கைக்கு எட்டும் விலையில் தொடர்ந்து கிடைத்தது. காப்புரிமையை எதிர்த்து அந்த வழக்கை நடத்தியவர்களை நன்றியோடு நினைக்கிறேன்.

சில வருஷம் கழித்து விடாத காய்ச்சல், எலும்பு வலி. எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்ததில் பிளாஸ்ட் செல்கள், அதாவது முதிராத ரத்த செல்கள், எக்கச்சக்கம். நோய் முற்றிய பிளாஸ்ட் கிரைசிஸ் கட்டம், அதிலும் ஒருவகை வெள்ளை அணுக்கள் சார்ந்த லிம்பாய்டு வகை என்றார்கள்.

மாத்திரையை மாற்றினால் போதாதா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். ஆரம்பக் கட்டத்தில் நோயை நடத்துவது பிலடெல்பியா குரோமோசோம் என்ற மாறிப்போன குரோமோசோமில் உருவாகும் ஒரே புரதம்தான்; அதை அடக்கினால் நோயும் அடங்கும். முற்றிய கட்டத்தில் வேறு மரபணுக் கோளாறுகளும் சேர்ந்துவிடுகின்றன. மாத்திரை மட்டும் கொடுத்தால் கொஞ்ச நாள் அடங்கி மறுபடி கிளம்பிவிடும். அதனால் மாத்திரையோடு கீமோவும் சேர்த்துக் கொடுத்து, நோய் அடங்கியதும் தாமதிக்காமல் மஜ்ஜை மாற்று செய்ய வேண்டும்.

முதலில் மரபணு மாற்றப் பரிசோதனை. டி315ஐ என்ற மாற்றம் இருந்தால் இமாட்டினிப், அதே வகை மாத்திரைகளான டசாட்டினிப், நிலோட்டினிப் எதுவும் கேட்காது, பொனாட்டினிப்தான் வேண்டும். இவனுக்கு அது இல்லை. டசாட்டினிப் 140 மில்லிகிராம், நரம்பில் வின்கிரிஸ்டின் என்ற கீமோ, கூடவே டெக்ஸாமெதசோன் ஸ்டீராய்டு என்று தொடங்கினார்கள். லிம்பாய்டு வகை மூளைப் பக்கம் போய் ஒளிந்துகொள்ளும் என்பதால் முதுகுத் தண்டில் மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ ஊசியும் போட்டார்கள்.

ஒரு மருந்து இன்னொன்றைக் கெடுக்கும் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. ஸ்டீராய்டு வயிற்றைப் புண்ணாக்கும் என்று வேறொரு இடத்தில் வழக்கம்போல அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வயிற்றில் அமிலம் குறைந்தால் டசாட்டினிப் உடம்பில் சரியாகச் சேராது. மருந்தகத்துப் பெண் மருந்துகள் குறித்த என் நோட்டைப் புரட்டிப் பார்த்தவர், அந்த வரியில் விரலை வைத்து, "அக்கா, இதை யார் எழுதினது?" என்று கேட்டார். அன்றே நிறுத்தினார்கள். பூஞ்சைத் தொற்றுக்கு வோரிகோனசோல் போன்ற மருந்து கொடுப்பதிலும் இதே சிக்கல்: அது வின்கிரிஸ்டினை உடம்பில் தேங்க வைத்து நரம்பைப் பாதிக்கும். அதனால் இவனுக்கு வேறு மருந்தைப் பார்த்துக் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். வீட்டில் யாருக்காவது இந்த வைத்தியம் நடந்தால், பல் டாக்டரிடம் போனாலும் மொத்த மருந்துப் பட்டியலைக் காட்டுங்கள்.

அப்படிப் பார்த்துக்கொண்டும் வின்கிரிஸ்டின் அவன் விரல்களை விடவில்லை. சட்டைப் பட்டன் போட முடியவில்லை. ஒரு போல்ட்டைக் கையில் எடுத்து மரையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். இத்தனை வருஷம் தொட்டே அளவு சொன்னவன். "ஒண்ணும் தெரியலக்கா" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மஜ்ஜையில் நோய் அடங்கியதும் நான் மஜ்ஜை கொடுக்கப் பொருந்துவேனா என்று ஹெச்.எல்.ஏ. என்ற பொருத்தப் பரிசோதனை பார்த்தார்கள். கூடப்பிறந்தவர்களுக்குள் முழுசாகப் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்புதான். பொருந்தியது. மஜ்ஜையில் இருந்து ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்லை ரத்தத்துக்குக் கொண்டுவர எனக்குச் சில நாள் ஊசி. இடுப்பு எலும்பெல்லாம் குடைந்தது. அப்புறம் மெஷினில் பிரித்தெடுத்துக்கொண்டார்கள்.

இப்போது மஜ்ஜை மாற்று முடிந்து, டசாட்டினிப் மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். மூச்சு வாங்கினால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள்; அந்த மாத்திரையால் நுரையீரலைச் சுற்றி நீர் கோக்கலாம். மிச்சம் இருக்கும் நோயைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனையின் போன ரிப்போர்ட்டில் நோய் தென்படவில்லை. அடுத்தது பொங்கலுக்கு அப்புறம்.