இசார் ஆற்றின் வெள்ளைச் சரளையில் ஒரு நாள்

கரூர்ப் பக்கம் வளர்ந்த எனக்குக் கிராவல் என்றால் லாரியில் கொண்டுவந்து கொட்டும் செம்மண்தான். மியூனிக் வந்து நான்காவது வருடம் கிராவல் பைக், அதாவது சரளைப் பாதையில் ஓட்டுவதற்கான அகல டயர் சைக்கிள், வாங்கியபோதுதான் கிராவல் வெள்ளையாகவும் இருக்கும் என்று தெரிந்தது. இங்கே மலையடிவாரச் சரளை முழுக்கச் சுண்ணாம்புக்கல். வெயில் ஏறினால் கண் கூசும். மழை பெய்தால் குழைந்து, வெள்ளையடிக்கக் கரைத்த சுண்ணாம்பு மாதிரி செயினில் அப்பிக்கொள்ளும்.

மியூனிக் நகருக்குள் ஓடும் இசார் ஆறு இந்தக் கல்லைத்தான் கார்வெண்டல் மலைகளிலிருந்து உருட்டிக்கொண்டு வருகிறது. ஆறு பிறக்கும் இடத்திலிருந்து பாட் டோல்ஸ் ஊர்வரை சைக்கிளிலேயே கூடவர முடியும். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். மூன்று முறை போய்விட்டேன். ஜூன் கடைசிச் சனிக்கிழமை, படிக்க வந்திருக்கும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

மியூனிக்கிலிருந்து மிட்டன்வால்ட் வழியாக இன்ஸ்ப்ரூக் போகும் ரயிலில் ஏறி, ஆஸ்திரிய எல்லை தாண்டியதும் வரும் ஷார்னிட்ஸில் இறங்க வேண்டும். சைக்கிளுக்குத் தனி டிக்கெட். கோடைச் சனிக்கிழமைகளில் சைக்கிள் பெட்டி சீக்கிரம் நிறைந்துவிடும், அதனால் காலையில் முதல் வண்டியே நல்லது. மிட்டன்வால்டுக்கு அப்பால் இந்தத் தண்டவாளம் 1912-இல் திறந்த மலை ரயில் பாதை. ஜன்னல் பக்கம் உட்காருங்கள்.

ஷார்னிட்ஸ் 964 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து முதலில் ஆற்றுக்கு எதிர்த்திசையில், ஹின்டராவ்டால் என்ற பள்ளத்தாக்குக்குள் ஏற வேண்டும். பிறப்பிடம்வரை சுமார் 12 கி.மீ. காட்டுப் பாதை. உயரம் மொத்தத்தில் 200 மீட்டர்தான் கூடுகிறது, ஆனால் நடுவில் ஏறி இறங்கி ஏறுவதால் கால் அதைவிட அதிகமாகக் கணக்குச் சொல்லும்.

இங்கே ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஆஸ்திரியாவில் 1975-ஆம் வருட வனச் சட்டப்படி காட்டுக்குள் யாரும் நடக்கலாம், சைக்கிள் ஓட்டுவதற்கு மட்டும் நிலத்துக்காரரின் அனுமதி வேண்டும். டிரோல் மாநிலம் நில உரிமையாளர்களோடு ஒப்பந்தம் போட்டுத் திறந்துவிட்ட பாதைகளில் சைக்கிள் பலகை நட்டிருப்பார்கள். ஹின்டராவ்டால் அப்படித் திறந்த பாதை. பக்கத்தில் பிரியும் எல்லாப் பாதையும் அப்படியல்ல. எல்லைக்கு வடக்கே, ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் நிலைமை தலைகீழ். இயற்கையில் உலாவும் உரிமையை அந்த மாநில அரசியல் சாசனத்தின் 141-ஆவது பிரிவே கொடுத்திருக்கிறது, சைக்கிளுக்குத் தகுந்த பாதையில் தடைப் பலகை இல்லாதவரை போகலாம். ஒரே ஆறு, ஒரே கல், நடுவில் சட்டம் மாறுகிறது. வரைபடத்தில் கோடு தெரிகிறதே என்று கிளம்பிவிடாமல் பலகையைப் பாருங்கள்.

ஏழாவது கிலோமீட்டரில் தம்பியின் பின்சக்கரம் பஞ்சர். நண்பனிடம் வாங்கி வந்த சைக்கிள், 35 மி.மீ. அகல டயர், கல் மாதிரி இறுக்கமாகக் காற்று அடித்திருந்தான். ஆற்றுக்குள் கிடக்கும் கல் உருண்டு உருண்டு மழுங்கியது. பாதையில் போட்டிருப்பது உடைத்த கல், விளிம்பெல்லாம் கத்தி. என் டயர் 45 மி.மீ., காற்றழுத்தம் 2 பார் (bar) அளவுக்குக் கொஞ்சம் மேலே. டயர் கல்லின் மேல் குதிக்காமல் கல்லை உள்வாங்கிக்கொண்டு போக வேண்டும், அதற்குத்தான் இந்தச் சைக்கிளே. டியூப் மாற்றிவிட்டு அவனுடைய முன்சக்கரத்திலும் கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டேன். "இப்பதான்க்கா கை அதிரலை" என்றான்.

இசார் பிறக்கும் இடத்துக்கு 'ஆறுகளிடம்' என்று பொருள் வரும் பெயர். பொருத்தமான பெயர், ஏனென்றால் அங்கே ஒரே ஊற்று இல்லை. புதருக்கும் பாசிக்கும் நடுவே ஐந்தாறு இடத்தில் தண்ணீர் சத்தமில்லாமல் கசிகிறது. குனிந்து கை வைத்தால் விரல் மரத்துப் போகிற குளிர். பத்தடி தள்ளி, மேலிருந்து வரும் ஓடை பெரிய சத்தத்தோடு கல்லை உருட்டுகிறது. இரண்டும் சேர்ந்து ஆறு ஆகிறது. அந்த இடத்தில் அரை மணி நேரமாவது உட்கார வேண்டும், உட்கார்ந்தோம்.

அப்புறம் திரும்பி இறக்கம். ஷார்னிட்ஸ், மிட்டன்வால்ட், க்ருன் வரை பாதை பெரும்பாலும் ஆற்றங்கரையை ஒட்டியே போகிறது. பாதி சரளை, பாதி தார். வயலின் செய்யும் ஊர் என்று மிட்டன்வால்டுக்கு முந்நூறு வருடப் பெயர், எங்களுக்கு அன்று அங்கே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்க மட்டும்தான் நேரம்.

க்ருனில் ஒரு தடுப்பணை. அங்கே ஆற்றின் பெரும்பகுதியைக் கால்வாயில் திருப்பி வால்ஹன்சே ஏரிக்குக் கொண்டு போகிறார்கள். அங்கிருந்து 200 மீட்டர் கீழே இருக்கும் கோஹல்சே ஏரிக்கு விழவைத்து மின்சாரம் எடுக்கிறார்கள், 1924 முதல். பல பத்தாண்டுகளுக்கு க்ருனுக்குக் கீழே ஆறு பெரும்பாலான நாள் வறண்டே கிடந்திருக்கிறது. மக்கள் கேட்டுக் கேட்டு 1990-இலிருந்துதான் கொஞ்சம் தண்ணீர் நிரந்தரமாக விடுகிறார்கள். மின் நிலையத்தின் உரிமம் 2030-இல் முடிகிறது. அப்போது இன்னும் கூடுதலாகத் தண்ணீர் விட வேண்டும் என்று கேட்பவர்களின் பக்கம்தான் நான். காற்றாலையும் சூரிய மின்சாரமும் பரவாத காலத்தில் போட்ட கணக்கு அது.

இதைத் தாண்டியதும் வருவதுதான் இந்தப் பயணத்தின் உயிர். வால்காவ் ஊரிலிருந்து ஃபோர்டர்ரிஸ்வரை சுமார் 15 கி.மீ., கார்களுக்குச் சுங்கம் உண்டு, சைக்கிளுக்கு இல்லை. குறுகலான தார் ரோடுதான், சரளை தேடி வந்தவர்கள் முகம் சுளிக்க வேண்டாம், இங்கே சரளை முழுவதும் ஆற்றில் இருக்கிறது. பள்ளத்தாக்கின் அகலம் முழுக்க வெள்ளைக் கல் பரந்து கிடக்கிறது. நடுவே பச்சை நீலத்தில் தண்ணீர் நான்கைந்து கிளையாகப் பிரிந்து பின்னி ஓடுகிறது. வெள்ளம் வரும்போதெல்லாம் கிளைகள் இடம் மாறும், நான் முதல் வருடம் எடுத்த படத்தில் இருக்கும் திட்டு இப்போது இல்லை.

"அக்கா, இது ஆறா, கல் குவாரியா?" என்றான் தம்பி.

"ஆறுதான்டா. ஆறுன்னா தண்ணி மட்டும் இல்ல."

அதற்கு மேல் அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. லாரி லாரியாக மணல் போன காவிரியைப் பார்த்து வளர்ந்தவன் அவனும்.

அந்தக் கல் திட்டுகளில் இறங்காதீர்கள். எவ்வளவு ஆசையாக இருந்தாலும். வசந்தத்தில் தொடங்கிக் கோடையின் பெரும்பகுதிவரை அங்கே உள்ளானும் உப்புக்கொத்தியும் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். கூடு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. உப்புக்கொத்தியின் முட்டை கல்லின் நிறத்திலேயே, புள்ளி புள்ளியாகக் கல்லோடு கல்லாகக் கிடக்கும், மிதித்த பிறகுதான் தெரியும். வாலை ஆட்டிக்கொண்டே நடக்கும் இதே இன உள்ளான் குளிர்காலத்தில் நம் ஊர்க் குளக்கரைக்கும் வரும், பார்த்திருப்பீர்கள். தடைப் பலகை இருக்கும் இடங்களில் ரோட்டோரமாகவே நின்று பாருங்கள், அங்கிருந்தே எல்லாம் தெரிகிறது.

ஃபோர்டர்ரிஸுக்குப் பிறகு கார், மோட்டார் சைக்கிள் போக்குவரத்து கூடிவிடும். அந்த ஒன்பது பத்து கிலோமீட்டரைச் சீக்கிரம் மிதித்துத் தாண்டிவிடுவது நல்லது. அடுத்து சில்வன்ஸ்டைன் நீர்த்தேக்கம். 1954-இல் தொடங்கி 1959-இல் முடித்த அணை, பழைய ஃபால் கிராமம் அந்த நீருக்கு அடியில் இருக்கிறது. புது ஃபாலைக் கரை மேட்டில் கட்டிக் கொடுத்தார்கள். கீழே இருக்கும் ஊர்களை அந்த அணை பல வெள்ளங்களிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. மியூனிக்கில் குடியிருக்கும் நானும் அதில் பலன் அடைகிறவள். ஆனால் தண்ணீரைத் திறந்துவிடலாம், கல்லைத் திறந்துவிட முடியாது. மலையிலிருந்து வரும் கல் ஏரியிலேயே தங்கிவிடுகிறது. கல் கிடைக்காத ஆறு தன் படுகையையே அரித்து ஆழமாகப் போகிறது. அணைக்குக் கீழே சைக்கிளில் வரும்போது இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காலையில் பார்த்த அகன்ற வெள்ளை குறுகிப்போய், இரண்டு பக்கமும் மரம் நெருங்கி நிற்க, ஆறு ஒற்றைத் தாரையாக ஓடும்.

அணைக்குக் கீழே வரும் லெங்ரீஸ் ஊரிலிருந்து பாட் டோல்ஸ் சுமார் 10 கி.மீ., ஆற்றங்கரை மரநிழலில் பொடிச் சரளை. குழந்தைகளோடு வருபவர்களுக்கு இந்தத் துண்டு மட்டுமே போதும். இரண்டு ஊரிலிருந்தும் மியூனிக்குக்கு ரயில் இருக்கிறது. நாங்கள் அன்று மொத்தம் 95 கி.மீ.க்குப் பக்கம் ஓட்டியிருந்தோம். டோல்ஸ் பாலத்துக்குக் கீழே தம்பி கால் நனைத்துவிட்டு உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளைக் கல்லை எடுத்துப் பையில் போடப் போனான்.

"வேண்டாம்டா, இங்க ஏற்கனவே கம்மி."

அவன் அதைத் தண்ணீருக்குள்ளேயே திரும்ப வைத்தான்.