வீடே வகுப்பறையான ஆண்டுகள்

பெருந்தொற்றுக் காலத்தில் கல்லூரி மாணவர்கள் மனத்தளவில் என்ன பாடுபட்டார்கள் என்ற பேச்சு எழும்போதெல்லாம், அது செல்பேசி, டேட்டா, சிக்னல் ஆகிய மூன்றைச் சுற்றியே நின்றுவிடுவதைப் பார்க்கிறேன். அவை உண்மையான தடைகள்தாம். அவற்றால் படிப்பைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் கடலூர் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் வேதியியல் கற்பிப்பவளாகவும், ஒரு வகுப்பின் பொறுப்பாசிரியராகவும் அந்த இரண்டு ஆண்டுகளைக் கடந்து வந்தவள் என்ற முறையில், எங்கள் மாணவர்களை அதிகம் வாட்டியது வேறொன்று என்று நினைக்கிறேன். வீட்டை விட்டால் போவதற்கென்று அவர்களுக்கு இருந்த ஒரே இடம் அவர்களிடமிருந்து பறிபோயிற்று.

எங்களிடம் படிப்பவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். பண்ருட்டியைச் சுற்றியுள்ள முந்திரிக்காட்டு ஊர்களிலிருந்தும், கடலோரக் குப்பங்களிலிருந்தும், குறிஞ்சிப்பாடிப் பக்கத்து நெசவுக் குடும்பங்களிலிருந்தும் பேருந்தில் வருகிறவர்கள். வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரி இல்லாத நாளிலும் தனி அறை, நண்பன் வீடு, திரையரங்கம் என்று போக்கிடங்கள் உண்டு. எங்கள் மாணவிக்கு அப்படி எதுவும் இல்லை. காலையில் பேருந்து ஏறிவிட்டால் மாலை திரும்பும் வரை அவள் யாருக்கும் சமைக்க வேண்டாம். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டாம். தன் வயதுப் பெண்களோடு சத்தமாகச் சிரிக்கலாம். மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கும் அந்தச் சிறிது நேரத்தில்தான் வீட்டில் சொல்ல முடியாதவை எல்லாம் சொல்லப்பட்டன. மனநல ஆலோசகர் என்ற பணியிடமே இல்லாத எங்களைப் போன்ற கல்லூரிகளில், ஆலோசகர் செய்ய வேண்டிய வேலையில் பாதியை அந்த மரத்தடிதான் செய்துகொண்டிருந்தது.

2020 மார்ச் நடுவில் கல்லூரிகள் மூடப்பட்டபோது மாத இறுதி வரை என்றுதான் அறிவிப்பு வந்தது. பிறகு ஊரடங்கு நீண்டுகொண்டே போனது. இணையவழி வகுப்பு முதலில் வாட்ஸ்அப் குழுவில் ஒலிப்பதிவும் குறிப்புகளின் புகைப்படமுமாகத் தொடங்கி, அடுத்த கல்வியாண்டில் கூகுள் மீட்டில் கால அட்டவணைப்படி நடக்கும் முழு வகுப்பாக மாறியது. வீட்டிலிருந்த ஒரே ஸ்மார்ட்போனை அப்பா வேலைக்கு எடுத்துச் சென்றால் அன்றைய வகுப்பு போயிற்று. பத்தாம் வகுப்புத் தம்பிக்கும் கல்லூரி அக்காவுக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு இருந்தால் விட்டுக்கொடுத்தவள் அக்காதான். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி வீதம் பயன்படுத்தக்கூடிய டேட்டா கார்டுகளை, எல்காட் நிறுவனம் வழியாக, ஏறத்தாழ 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு விலையின்றி வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. மாதா மாதம் ரீசார்ஜுக்காக அம்மாவிடம் கையேந்தி நின்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை அருகிலிருந்து பார்த்தேன். ஆயினும் அந்த 2 ஜிபியைக் கொண்டு பாடத்தைத்தான் வீட்டுக்கு வரவழைக்க முடிந்தது. மரத்தடியை வரவழைக்க வழியில்லை.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேரடி வகுப்பில் எந்தக் கேள்விக்கும் முதலில் கை தூக்குபவள். இணையவழி வகுப்பு ஒன்றில், மூலக்கூறு வடிவங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் பெயரைச் சொல்லி அழைத்தேன். அவள் மைக்கைத் திறந்ததும் அவள் குரலுக்கு முன்னால் அவளுடைய தந்தையின் குரல் வந்தது. குடித்திருந்தார்; மனைவியை ஏசிக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று நொடிகள்தாம் இருக்கும், மைக் அணைந்துவிட்டது. நான் அடுத்த மாணவரை அழைத்தேன். அந்த நேரத்தில் அவளுக்குச் செய்யக்கூடிய மரியாதை அதுவே என்று பட்டது. அதன்பின் அந்தப் பருவம் முடியும் வரை அவள் வாய் திறக்கவில்லை, ஆனால் வருகைப் பதிவேட்டின்படி ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை. வெகுநாள் கழித்துத் தொலைபேசியில் பேசியபோது சொன்னாள்: "காலேஜ்ல யாருக்கும் எங்க வீட்டப் பத்தித் தெரியாது மேம். அதனாலதான் அங்க நான் நல்லா இருந்தேன். இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு."

வறுமையும் சண்டையும் உள்ள வீட்டிலிருந்து வரும் பிள்ளைகள் அவற்றைக் கல்லூரி வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு உள்ளே வருகிறார்கள். மற்றவர்களைப் போலவே தானும் ஒரு மாணவி என்று அவள் நடமாடுவது அதனால்தான். அந்த வாசல் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை, இணையவழிக் கல்வியைத் திட்டமிட்ட எவரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

2021-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லென்சன், காணொலிச் சந்திப்புகளால் வரும் களைப்புக்கு நான்கு காரணங்களை முன்வைத்தார்: மிக அருகில் தெரியும் முகங்களை விடாமல் பார்ப்பது, தன் முகத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பது, இடத்தை விட்டு அசைய முடியாமை, சைகைகளைப் புரிந்துகொள்ள மூளை செலவிடும் கூடுதல் உழைப்பு. இதைப் படித்தபோது முதல் இரண்டும் எங்கள் வகுப்புகளுக்குச் சற்றும் பொருந்தவில்லை என்று தோன்றியது. எங்கள் மாணவர்கள் கேமராவைத் திறப்பதே இல்லை. டேட்டா மிச்சமாகும் என்பது ஒரு காரணம். பூச்சு உதிர்ந்த சுவரும் கொடியில் தொங்கும் துணியும் தெரிந்துவிடுமே என்ற கூச்சம் இன்னொரு காரணம். ஆகவே அவர்கள் களைத்தது முகங்களைப் பார்த்துப் பார்த்து அன்று, ஒரு முகத்தையும் பார்க்காமல். வகுப்பறையில் ஒரு சமன்பாடு புரியாதபோது மாணவர் முதலில் செய்வது பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பதுதான். அவருக்கும் புரியவில்லை என்று தெரிந்ததும் பாதிப் பயம் போய்விடும். இருவரும் சேர்ந்து கேட்பார்கள், அல்லது சேர்ந்து சும்மா இருப்பார்கள். திரையில் அந்தப் பார்வைப் பரிமாற்றம் இல்லை. "எனக்கு மட்டும்தான் புரியலன்னு நெனச்சேன் மேம்" என்ற ஒரே வாக்கியத்தை எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன். வகுப்பில் பாதிப் பேருக்குப் புரியாத ஒரு பாடத்தை, அந்தப் பாதிப் பேரில் ஒவ்வொருவரும் தன் ஒருவருடைய மூளைக் குறை என்று எண்ணி இரவெல்லாம் மருகிக்கொண்டிருந்தார்கள். இணையவழிக் கல்வி மாணவர்களின் தன்னம்பிக்கையை எப்படிக் கரைத்தது என்று கேட்டால், நான் முதலில் சொல்வது இதைத்தான்.

தேர்வுகள் இந்தக் கலக்கத்தைக் கூட்டின. 2020 ஜூலையில் இறுதியாண்டு தவிர்த்த மாணவர்களுக்குப் பருவத் தேர்வு இல்லை என்றார்கள். ஆகஸ்டில், கட்டணம் செலுத்தியிருந்த அரியர் மாணவர்கள் தேர்ச்சி என்றார்கள். உடனே அது நீதிமன்றத்துக்குப் போனது. இறுதியாண்டு மாணவர்களோ ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும் வரை தேர்வு உண்டா இல்லையா என்று தெரியாமலே படித்தார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இவை சலுகைகளாகத் தெரிந்தன. உழைத்துப் படித்த மாணவருக்கு, தன் பட்டத்தை நாளை எவரும் மதிக்கமாட்டார்கள் என்ற அச்சமே மிஞ்சியது. வீட்டிலிருந்து தேர்வு எழுதும் முறை வந்தபின் வேறொரு பதற்றம் சேர்ந்தது. ஏ4 தாளில் எழுதி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து, பிடிஎஃப் ஆக்கி, குறித்த நேரத்துக்குள் பதிவேற்ற வேண்டும். அந்தப் பதிவேற்றச் சக்கரம் பாதியில் நின்றுவிட்டால் மாணவர்கள் என்னை அழைப்பார்கள். சிலருக்குப் பேச்சே வராது. மூச்சிரைப்பு மட்டும் கேட்கும். விடை தெரியாத பயம் எனக்குப் பழக்கமானது. எல்லா விடையும் எழுதிவிட்டுக் கோபுரத்தின் சிக்னலுக்காக மாடிப்படியில் நின்று அழுத பிள்ளைகளை அப்போதுதான் பார்த்தேன்.

பிறகு இரண்டாம் அலை வந்தது. 2021 மே மாதம் மூன்றாம் வாரத்தில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியான நாட்களில், ஒரு மாணவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: "ஸாரி மேம். அப்பா நேத்து இறந்துட்டாங்க. அசைன்மென்ட் திங்கட்கிழமை அனுப்பிடறேன்." நான் உடனே அழைத்தேன். அவர் அழவில்லை. மருத்துவமனையிலிருந்து நேரே மயானத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றும், முகத்தை ஒருமுறை காட்டினார்கள் என்றும் சொன்னார். நம் ஊர்களில் வகுப்புத் தோழனின் வீட்டில் சாவு என்றால் மொத்த வகுப்பும் பேருந்து ஏறிப் போகும். பையன்கள் பந்தல் போட ஒத்தாசை செய்வார்கள். ஆசிரியர்கள் மாலையோடு போய், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருப்பார்கள். காரியம் முடிந்து அவன் கல்லூரிக்குத் திரும்பும்போது எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்கும், எவரும் கேட்கமாட்டார்கள். அந்த முறைகளெல்லாம் அந்த ஆண்டு இல்லாமல் போயின. அந்த மாணவரின் துக்கத்தை வகுப்பு அறிந்தது, குழுவில் வரிசையாக வந்து விழுந்த கைகூப்பும் எமோஜிகளின் வழியாகத்தான்.

அந்தச் சமயத்தில் எங்கள் துறை ஆசிரியர்கள் கூடிப் பேசி, ஆளுக்கு இத்தனை மாணவர்கள் என்று பிரித்துக்கொண்டு, பாடத்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல் தொலைபேசியில் பேசத் தொடங்கினோம். "சாப்பிட்டியாப்பா", "அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்குது" என்றுதான் ஆரம்பிப்போம். மன அழுத்தம் என்ற சொல்லை எந்த மாணவரும் தாமாகச் சொன்னதில்லை. "எதுலயும் மனசு ஒட்டல", "ராத்திரி நாலு மணிக்குத்தான் தூக்கம் வருது", "காரணமே இல்லாம எரிச்சலா வருது" என்பார்கள். பையன்களில் பலர் வேலைக்குப் போயிருந்தார்கள்: பெயின்ட் அடிக்க, ஜவுளிக்கடைக்கு, முந்திரி உடைக்கும் இடத்துக்கு. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு வேலை செய்தபடியே வகுப்பில் இருந்தவர்களை நான் கண்டிக்கவில்லை. உண்மையில் அவர்களுடைய மனநிலை, வீட்டிலேயே அடைந்து கிடந்தவர்களைவிடத் தேவலையாக இருந்தது. கூட வேலை செய்பவர்கள், பேச்சு, மாலையில் கையில் கொஞ்சம் பணம் என்று அவர்களுக்கு ஒரு நாள் இருந்தது. பெண்களின் நிலைதான் எங்களை உறங்கவிடவில்லை. கல்லூரிதான் திறக்கவில்லையே என்று வரன் பார்க்கத் தொடங்கிய வீடுகளோடு நாங்கள் பேசிப் பார்த்தோம். சில இடங்களில் கேட்டார்கள், சில இடங்களில் கேட்கவில்லை.

உதவி எண்கள் இல்லாமல் இல்லை. 2020 ஜூலையிலேயே மத்திய அரசு மனோதர்பன் என்ற மனநலத் திட்டத்தையும் கட்டணமில்லா எண்ணையும் தொடங்கியிருந்தது. தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண் இருந்தது. எண்களைக் குழுவில் பகிர்ந்தபோது ஒரு மாணவி தனியாக எனக்கு எழுதினாள்: "எங்க வீட்ல ஒரே ரூம் மேம். எங்க நின்னு பேசறது?" அதன்பின் நாங்களே முதலில் குறுஞ்செய்தி அனுப்பி, எப்போது மாடிக்கோ தோட்டத்துக்கோ வர முடியும் என்று கேட்டுக்கொண்டு அழைக்கலானோம்.

2021 செப்டம்பர் 1 அன்று கல்லூரிகள் மீண்டும் திறந்தன. முந்தைய ஆண்டு சேர்ந்து, இடையில் சில வாரங்கள் மட்டும் வகுப்பறையைப் பார்த்த மாணவர்கள் இரண்டாம் ஆண்டாக ஆய்வகத்துக்குள் வந்தார்கள். ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இன்னொன்றின் அளவைக் கண்டறியும் பருமனறி பகுப்பாய்வு முழுவதையும் நான் எடுத்தனுப்பிய காணொலியில் பார்த்தவர்கள். அதற்கான அளவுக் குழாயாகிய பியூரெட்டைக் கையால் தொட்டதில்லை. தொற்றுக்காக வாயால் உறிஞ்சுவதை நிறுத்தி, பிப்பெட்டுக்கு ரப்பர் பல்பு கொடுத்திருந்தோம். பர்மாங்கனேட் சொட்டுச் சொட்டாக விழுந்து வெளிர் இளஞ்சிவப்பு நிலைத்து நிற்கும் கணத்தில் குழாயை மூட வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் திரும்பச் செய்ய வேண்டும். ஒரு மாணவரின் கை அவ்வளவு நடுங்கியது. "தப்பாப் போனா மறுபடி செய்யலாம்பா, கரைசல் நெறைய இருக்குது" என்றேன். அவருடைய பயம் கரைசலைப் பற்றியதன்று, சுற்றி மற்றவர்கள் பார்க்கிறார்களே என்பதைப் பற்றியது. ஓராண்டுக்கும் மேலாக எவருடைய பார்வையும் படாமல் இருந்தவர்களுக்கு, பிறர் முன்னிலையில் ஒரு செயலைச் செய்வதே பெரும் சோதனையாக இருந்தது. கருத்தரங்கில் பேச எழுந்து, பேச முடியாமல் உட்கார்ந்தவர்களும் அந்த வகுப்பில்தான் அதிகம்.

அந்த நவம்பரில் மாநிலத்தின் பல ஊர்களில் மாணவர்கள் இணையவழித் தேர்வே வேண்டும் என்று போராடியபோது, காப்பியடிக்க வசதியாகக் கேட்கிறார்கள் என்று எளிதாகப் பேசிவிட்டார்கள். அப்படிப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள். நான் அறிந்த மாணவர்களிடம் இருந்தது அச்சம்: மூன்று மணி நேரம் ஓரிடத்தில் அமர்ந்து, நினைவிலிருந்து எழுதும் பழக்கம் விட்டுப்போன அச்சம். ஒமிக்ரான் அலையால் அந்தப் பருவத் தேர்வு கடைசியில் 2022 பிப்ரவரியில் இணையவழியிலேயே நடந்தது. அச்சம் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

பெருந்தொற்றின் முதல் ஆண்டில் உலக அளவில் மனப்பதற்றமும் மனச்சோர்வும் 25 விழுக்காடு கூடின என்றும், இளையோரும் பெண்களும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் தெரிவித்தது. அந்த ஆண்டு அக்டோபரில் 14416 என்ற மனநல உதவி எண்ணும் வந்தது; எங்கள் அறிவிப்புப் பலகையில் அதை எழுதி வைத்திருக்கிறோம். அந்த வகுப்பு மாணவர்கள் 2023-இல் படித்து வெளியேறிவிட்டார்கள். அவர்களுக்காகத் தொடங்கிய தொலைபேசி உரையாடலை இப்போது ஒவ்வொரு முதலாண்டு மாணவருக்கும் பருவத்துக்கு ஒருமுறை நேரில் செய்கிறோம். கதவைச் சாத்திக்கொண்டு பேச ஓர் அறை கேட்டோம். பழைய கருவி அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். ஆனால் பயிற்சி பெற்ற ஆற்றுப்படுத்துநர் இன்னும் இல்லை. நாங்கள் வேதியியல் படித்தவர்கள். கேட்கத் தெரியும், சிகிச்சை தெரியாது. மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்து வாரம் ஒரு நாளாவது ஒருவரை அனுப்பும்படி எழுதியிருக்கிறோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம்.