சிறுநீர்க் கணக்கு

புற்றுநோய்ப் பிரிவில் செவிலியராகச் சேர்ந்த புதிதில், கட்டி கரைகிறது என்றால் அது நல்ல செய்தி என்று மட்டுமே நினைத்திருந்தேன். கரையும் வேகமே ஒரு பிள்ளையின் உயிருக்கு ஆபத்தாகக்கூடும் என்பதை, பர்கிட் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்தவர்களைக் கவனித்துத்தான் கற்றேன்.

உகாண்டாவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், குழந்தைகளின் தாடையில் வளரும் கட்டியாக 1958-இல் விவரித்த நோய் இது. எங்களிடம் வரும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வயிற்றில்தான் இருக்கும். செல்கள் ஓரிரு நாளிலேயே இரட்டிப்பாவதால், போன வாரம் தளர்வாகக் கிடந்த அரைஞாண் கயிறு இப்போது இறுக்குகிறது என்று தாய்மார் சொல்வார்கள். அவ்வளவு வேகமாகப் பெருகியவை மருந்து பட்டதும் அதே வேகத்தில் உடைகின்றன. உள்ளிருந்த பொட்டாசியமும் பாஸ்பேட்டும், யூரிக் அமிலமாக மாறும் பொருள்களும் ஒருசேர இரத்தத்தில் கொட்டிச் சிறுநீரகத்தை அடைக்கின்றன. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். பாஸ்பேட் ஏறுவதால் கால்சியம் இறங்கினால் கைவிரல்கள் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் முதல் வாரம் குறைந்த வீரியத்தில் மருந்தைத் தொடங்கி, டிரிப்ஸை இடைவிடாமல் ஏற்றி, சிறுநீரை மணிக்கு மணி அளக்கிறோம்.

ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, யூரிக் அமிலத்தை உடைக்கும் ராஸ்புரிகேஸ் ஊசி போட்டிருந்தோம். அந்த மருந்து சோதனைக் குழாய்க்குள்ளும் தன் வேலையைத் தொடரும் என்பதால், இரத்த மாதிரியை எடுத்தவுடன் பனிக்கட்டியில் வைத்தே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அன்று இரவுப் பணியில் இருந்த நான், மற்றக் குழாய்களோடு அதையும் தட்டில் வைத்து அப்படியே அனுப்பிவிட்டேன். யூரிக் அமிலம் மிகக் குறைவு என்று முடிவு வந்தது, நிம்மதியடைந்தோம். அளவுக் குவளையும் கையுமாக உட்கார்ந்திருந்த தந்தைதான் எழுந்து வந்தார். "சிஸ்டர், மணிக்கு நூறு மில்லி போய்ட்டிருந்த புள்ள, ரெண்டு மணி நேரமா முப்பதைத் தாண்டல." அவர் நீட்டிய நோட்டுத் தாளில் எண்கள் படிப்படியாக இறங்கியிருந்தன. பனிக்கட்டி இல்லாமல் அனுப்பியதை மருத்துவரிடம் உடனே சொன்னேன். மறுபடி எடுத்து முறையாக அனுப்பிய மாதிரியில் யூரிக் அமிலம், பொட்டாசியம் இரண்டுமே ஏறியிருந்தன. விடிவதற்குள் டயாலிசிஸ் தொடங்கினோம். சில நாள்களில் சிறுநீரகம் மீண்டது. ஆய்வக முடிவைவிட அந்தத் தாளை நான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த கண்டங்கள் வேறு வகையானவை. வெள்ளையணுக்கள் சரிந்த நாள்களில் வரும் காய்ச்சலை விடியும்வரை பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. நாங்கள் இழந்தவர்களில் பலரைக் கொண்டுபோனது கட்டியல்ல, தொற்றுதான். கடைசிப் பேருந்து போய்விட்டது என்பதற்காக ஒரு குடும்பம் காத்திருக்க நேர்வதை என்னால் இன்றும் தாங்க முடிவதில்லை. மூளைக்குப் பரவாமலிருக்கக் கொடுக்கும் அதிக அளவு மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்தின்போது சிறுநீர்க் கணக்கு திரும்பவும் தொடங்கும். இம்முறை அளவோடு காரத்தன்மையையும் பார்ப்போம். குறைந்தால் மருந்து சிறுநீரகத்திலேயே படிந்துவிடும்.

இத்தனையையும் கடந்துவிட்டால் நம்பிக்கைக்கு உறுதியான காரணம் உண்டு. 2020-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், நோய் முற்றிய நிலையிலிருந்த சிறாருக்குக் கீமோவுடன் ரிட்டுக்சிமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்தைச் சேர்த்தபோது, மூன்றாண்டு முடிவில் 95 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர். பெரியவர்களுக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, நிலைமை அவ்வளவு சாதகமாக இல்லை. நோய் திரும்பினால் குழந்தைகளுக்கும் மீள்வது மிகக் கடினம். ஆனால் திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள் திரும்பிவிடும் என்பதால், மற்றப் புற்றுநோய்களைப் போல நெடுங்காலம் அஞ்சிக் காத்திருக்க வேண்டியதில்லை.

"திரும்ப வருமா சிஸ்டர்?" என்று அந்தத் தந்தை கேட்டபோது, வராது என்று நான் சொல்லவில்லை. மருத்துவர் முன்னிலையில் இந்த ஓராண்டுக் கணக்கை மெதுவாக விளக்கினோம். சிகிச்சை முடிந்து இப்போது எட்டு மாதம் ஆகிறது. அடுத்த ஸ்கேன் ஐப்பசியில்.