ஐசிடி வச்சதுக்கு அப்புறம் எனக்கு எப்படி இருந்துச்சு

ஐசிடி, அதாவது துடிப்பு தாறுமாறானா ஷாக் குடுத்து சரி பண்ற சின்ன மெஷின், வைக்கணும்னு டாக்டர் சொன்னதும் "எனக்குத்தான் இன்னும் ஒண்ணும் ஆகலையே, அப்புறம் எதுக்கு"ன்னு கேட்டேன். மயங்கி விழுந்ததில்ல, நெஞ்சு வலி வந்ததில்ல, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கும், அவ்ளோதான். ஆனா எக்கோ ஸ்கேன்ல இதயம் பம்ப் பண்ற அளவு, இஎஃப்னு சொல்வாங்களே அது, 35 சதவீதத்துக்கும் கீழ இருந்துச்சு, மாசக்கணக்கா மாத்திரை போட்டும் ஏறவே இல்ல. இவ்ளோ வீக்கான இதயத்துல எப்ப வேணா துடிப்பு தாறுமாறா ஓடி ரத்த ஓட்டமே நின்னுபோகலாம், அப்படி ஆச்சுன்னா ஷாக் குடுத்து சரி பண்ண உள்ளயே ஒரு மெஷின் இருக்கட்டும்னுதான் இத வைக்கறாங்க. அதாவது நடந்ததுக்காக இல்ல, நடக்கலாம்ங்கறதுக்காக. எனக்கு ஜீரணிக்க கஷ்டமா இருந்ததே இதுதான். ஆபரேஷனுக்குப் போகும்போது நல்லா நடந்து போனவ, திரும்பி வரும்போது நோயாளியா வந்த மாதிரி ஆயிடுச்சு.

ஆபரேஷன் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. இடது பக்கம் காறை எலும்புக்குக் கீழ மரத்துப்போக ஊசி, தூக்கக் கலக்கத்துக்கு ஒரு மருந்து, சின்னதா கீறி ரத்தக்குழாய் வழியா லீட் ஒயர இதயத்துக்குள்ள விட்டு, தோலுக்கு அடியில மெஷின வச்சு தையல் போட்டாங்க. நெஞ்சையே பொளந்துடுவாங்கன்னு பயந்துட்டு இருந்தேன், அதெல்லாம் ஒண்ணும் இல்ல.

அதுக்கப்புறம் வந்த வாரங்கள்தான் ரோதனை. லீட் நுனி உள்ள தசையில நல்லா பிடிச்சுக்கணும், அதனால நாலுலேர்ந்து ஆறு வாரம் வரைக்கும் இடது கைய தோளுக்கு மேல தூக்கக்கூடாது, வெயிட்டும் தூக்கக்கூடாதுன்னாங்க. கேக்க ஈசியா இருக்கும். தலைமுடிய பின்னாடி கட்ட ரெண்டு கையும் மேல போகணும்னு அன்னிக்குதான் உறைச்சுது, தினமும் பொண்ணுதான் கட்டிவிடுவா, அவ அவசரத்துல கோணலா கட்டினா கூட வாயத் திறக்க முடியாது. தலை வழியா போடற டிரெஸ் எல்லாத்தையும் ஓரங்கட்டிட்டு முன்பக்கம் பட்டன் வச்சதுதான். அதுக்காக பயந்துகிட்டு கைய உடம்போட ஒட்டியே வச்சிருக்கவும் கூடாது, தோள் இறுகிப் போயிடும், தோள் மட்டத்துக்குக் கீழ மெதுவா ஆட்டிட்டே இருங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. அப்படியே செஞ்சேன், அதனால பின்னாடி கை தூக்கறதுல பிரச்னை வரல.

பிரா ஸ்ட்ராப் சரியா மெஷின் புடைச்சிருக்கற அந்த மேட்டு மேலதான் உக்காரும்! இத யாருமே முன்னாடி சொல்லல. வைக்கறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட ஸ்ட்ராப் எங்க வரும்னு காமிங்க, பல நேரம் இடத்த கொஞ்சம் தள்ளி வைக்க முடியும். கார் சீட் பெல்ட்டும் அங்கயே உரசும், நடுவுல ஒரு டவல மடிச்சு வச்சுப்பேன், ஆனா பெல்ட் போடாம போனதில்ல. குளிக்கும்போது விரல் தன்னால அங்க போகும், ஓரம் கெட்டியா தட்டுப்படும், இன்னிக்கு கொஞ்சம் நகர்ந்திருக்கோன்னு தோணும். அத பிடிச்சு உருட்டறதும் திருப்பறதும் மட்டும் வேண்டாம், சில பேர் அப்படியே திருப்பித் திருப்பி லீட்டே சுருண்டு இழுத்துக்கிட்டு வந்திருக்கு, டாக்டருங்க அதுக்கு தனியா பேரே வச்சிருக்காங்க. காயம் சிவந்து சூடா இருந்தாலோ, வீங்கினாலோ, தண்ணி கசிஞ்சாலோ, ஜுரம் வந்தாலோ மறுநாள்னு தள்ளிப் போடாம காமிச்சிடுங்க.

காந்தம், கரண்ட் விஷயத்துல ஆரம்பத்துல நான் பண்ண அலப்பறை கொஞ்ச நஞ்சமில்ல. செல்போன் மெஷின்லேர்ந்து 15 சென்டிமீட்டர் தள்ளி இருந்தா போதும், வலது காதுல வச்சு பேசறேன், சட்டைப் பையில போடறதில்ல. இண்டக்‌ஷன் அடுப்புக்கு ரெண்டடி தள்ளி நிப்பேன். மைக்ரோவேவ் ஒண்ணும் பண்ணாது. கடை வாசல்ல இருக்கற திருட்டு அலாரம் கேட்ல நின்னு கதை பேசாம நடந்து போயிடணும். ஏர்போர்ட்ல மெஷின் வச்சிருக்கறதுக்கான கார்டைக் காமிச்சு, கைல வச்சு தடவற டிடெக்டர நெஞ்சு மேல வைக்காதீங்கன்னு சொல்லிடறேன்.

இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரில பேப்பர்ல அச்சடிச்சு குடுத்தாங்க, பயத்துக்குதான் ஒண்ணும் குடுக்கல.

ஷாக் அடிச்சா நெஞ்சுல குதிரை உதைச்ச மாதிரி இருக்கும்னு எங்கயோ கேட்டதுலேர்ந்து, எப்போ எப்போன்னு காத்துட்டே இருக்கறதுதான் வேலையா போச்சு. வேகமா நடந்தா இதயம் படபடக்கும், உடனே நின்னுடுவேன். வீட்டுக்காரர் என்னைத் தொடவே யோசிச்சார், ஷாக் அவருக்கும் அடிச்சிடுமோன்னு. அப்படியே அடிச்சாலும் தொட்டுட்டு இருக்கறவங்களுக்கு லேசா ஒரு சுரீர்தான், ஆபத்தில்லன்னு நர்ஸ் அவர்கிட்டயே சொன்னப்புறம்தான் மனுஷன் நிம்மதியானார்.

ஒரு ராத்திரி நெஞ்சுல பளீர்னு அடிச்சு எழுந்து உக்காந்துட்டேன். வேர்த்து கொட்டுது, சத்தியமா ஷாக்தான், எனக்கு சந்தேகமே இல்ல. காலைல க்ளினிக்குக்கு போன் பண்ணி, கட்டில் பக்கத்துல இருக்கற மானிட்டர் வழியா ரிப்போர்ட் அனுப்பினா, ஷாக்கும் இல்ல, துடிப்புல கோளாறும் இல்ல, ராத்திரி பூரா நார்மல்ங்கறாங்க. எனக்கு அவமானமாகி அழுகையே வந்துடுச்சு. அந்த நர்ஸ் சிரிக்கல. இது நிறைய பேருக்கு வரும், மூளை பயத்துல தானா உண்டாக்கற ஷாக், நீங்க ஃபீல் பண்ணது பொய் இல்லன்னு சொல்லி கவுன்சிலிங் போக எழுதிக் குடுத்தாங்க. மெஷின் வச்ச அன்னிக்கே இத கேட்டு வாங்கியிருக்கணும்னு இப்போ எல்லார்கிட்டயும் சொல்றேன். அந்த கவுன்சிலர் செய்யச் சொன்னது பெருசா ஒண்ணுமில்ல, நின்ன நடைய திரும்ப ஆரம்பிக்கறது, படபடப்பு வந்தாலும் வேகத்த மட்டும் குறைச்சு நடந்துட்டே இருக்கறது. மறுபடி மறுபடி ஒண்ணும் ஆகல, ஆகலன்னு உடம்பே பாத்து கத்துக்கிச்சு. துடிப்பு ஓடினா எல்லாத்துக்கும் ஷாக் குடுக்காது, சில சமயம் வலியே இல்லாத வேகமான பேசிங், அதாவது இதயத்துக்கு சின்ன சின்ன கரண்ட் துடிப்பு, குடுத்தே அடக்கிடும்னு தெரிஞ்சதும் ஒரு தெம்பு.

சொந்தக்காரங்க "இனிமே ஹார்ட் ஸ்ட்ராங்தானே"ன்னு கேப்பாங்க. இல்லைங்க, எனக்கு வச்சது காவலுக்கு மட்டும்தான், பம்ப் பண்ற பலத்த அது ஏத்தாது, மாத்திரை அப்படியேதான் ஓடுது.

பாட்டரி தீர்ந்தா மறுபடி கீறணுமேன்னு புலம்பினா டாக்டர் ஒரு ஆள் கதை சொன்னார். 1958ல ஸ்வீடன்ல ஆர்னே லார்சன்னு ஒருத்தருக்குதான் உலகத்துலயே முதல் தடவையா உடம்புக்குள்ள பேஸ்மேக்கர், அதாவது துடிப்பு குறையாம பாத்துக்கற மெஷின், வச்சாங்க, அது சில மணி நேரத்துலயே புட்டுக்கிச்சு. அவரு வாழ்க்கையில மொத்தம் 26 பேஸ்மேக்கர் மாத்தி, 2001 வரைக்கும் இருந்து 86 வயசுல போனார். இப்ப பாட்டரி பல வருஷம் வருது, மாத்தும்போது லீட் நல்லா இருந்தா அத தொடாம மெஷின மட்டும்தான் மாத்துவாங்க.

எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு பேப்பர் ஒட்டியிருக்கோம், டாக்டர்கிட்ட கேட்டு எழுதினது. ஒரு ஷாக் அடிச்சு நான் நல்லா இருந்தா க்ளினிக்குக்கு போன். ரெண்டாவது அடிச்சாலோ, ஒண்ணே அடிச்சு மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம்னு இருந்தாலோ நேரா ஆம்புலன்ஸ். நினைவில்லாம மூச்சும் இல்லாம கெடந்தா மெஷின் பாத்துக்கும்னு விடாம ஆம்புலன்ஸ கூப்பிட்டுட்டு நெஞ்ச அழுத்தி சிபிஆர். வீட்ல எல்லாரும் படிச்சாச்சு, பொண்ணு சிபிஆர் கிளாஸும் போயிட்டு வந்துட்டா.