ஸ்ட்ரெயின் அளக்கும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

இஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தின் பங்கு) 60 சதவீதம் என்று எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) ரிப்போர்ட்டில் இருந்தாலும் இதயத் தசை நலம் என்று சொல்லிவிட முடியாது. நீளவாக்கில் ஓடும் உள்ளடுக்கு நார்கள்தான் பெரும்பாலும் முதலில் தளர்கின்றன. அதைப் பிடிப்பது ஸ்ட்ரெயின், அதாவது துடிக்கும்போது தசையின் நீளம் எத்தனை சதவீதம் மாறுகிறது என்ற அளவு. 10 செ.மீ. தசை 8 செ.மீ. ஆகச் சுருங்கினால் மைனஸ் 20 சதவீதம். ஆரோக்கியமான இடது வென்ட்ரிக்கிளில் (இதயத்தின் இடது கீழறையில்) ஏறத்தாழ இவ்வளவு.

மென்பொருள் தசைக்குள் தெரியும் புள்ளிக் கோலத்தை ஃப்ரேம் ஃப்ரேமாகத் துரத்துகிறது. நொடிக்கு 50 முதல் 80 ஃப்ரேம் வையுங்கள். குறைந்தால் புள்ளி கை நழுவும். மிக ஏற்றினால் படம் மங்கும். செக்டரை (படத்தின் விசிறி வடிவப் பரப்பை) ஒடுக்கி, ஆழத்தைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது. ஈசிஜி தெளிவாக இருக்கட்டும். மூச்சை அடக்கச் சொல்லி இதய நுனியிலிருந்து நான்கறை, இரண்டறை, மூன்றறைக் காட்சிகளை எடுங்கள். மூன்றறையை முதலில் அலசுங்கள்: அயோர்டிக் வால்வு மூடும் நேரம் அங்கேதான் தெரியும்.

பெரிய எதிரி, நுனி வெட்டுப்பட்ட படம். வென்ட்ரிக்கிள் குட்டையாக, உருண்டையாகத் தெரிந்தால் ப்ரோபை (மார்பில் வைக்கும் ஸ்கேன் கருவியை) ஒரு விலா இடைவெளி கீழே இறக்கிப் பாருங்கள். அடுத்தது, தசையின் எல்லையாக மென்பொருள் வரையும் கோடு பெரிகார்டியத்துக்குள் (இதயத்தைச் சுற்றிய உறைக்குள்) போவது. அந்த உறை அதிகம் அசையாததால் எண் வீணாகக் குறையும். மெஷின் பச்சை டிக் போட்டாலும் நம்ப வேண்டாம். லூப்பை ஓடவிட்டு, கோடு தசையோடு நகர்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

இதயத்தைப் பாதிக்கக்கூடிய கீமோ (புற்றுநோய் மருந்து) எடுக்கும் நோயாளிக்கு மைனஸ் 20 என்பது மைனஸ் 16.5 ஆனால் 17.5 சதவீத வீழ்ச்சி. வீழ்ச்சி 15 சதவீதத்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். ஆனால் இரண்டு முறையும் ஒரே நிறுவன மெஷின், மென்பொருள் இருந்தால்தான் ஒப்பீடு செல்லும். ரத்த அழுத்தத்தையும் ரிப்போர்ட்டில் எழுதுங்கள். அது ஏறினாலே ஸ்ட்ரெயின் இறங்கும்.