நுழைவுத் தேர்வில் பாஸ், முதல் தலையில் ஃபெயில்

சிற்பக்கலைப் பட்டப்படிப்பில் சேர்ந்தபோது எனக்கு நன்றாக வரைய வரும் என்கிற தைரியம் மட்டும்தான் இருந்தது. நுழைவுத் தேர்வில் வரைதல், களிமண்ணில் ஒரு சின்ன உருவம், இரண்டையும் எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். வம்பு முதல் செமஸ்டரில் ஆரம்பித்தது.

மாடலை உட்காரவைத்து நிஜ அளவில் ஒரு தலை செய்யச் சொன்னார்கள். பலகையில் நட்ட குழாய், அதன் மேல் வளைத்த அலுமினியக் கம்பி, இதுதான் ஆர்மேச்சர், மண்ணை உள்ளிருந்து தாங்கும் எலும்புக்கூடு. அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய மரத்துண்டுகளைத் தொங்கவிட வேண்டும், பட்டாம்பூச்சி என்று பெயர், ஈரமண் தன் எடையிலேயே வழுக்கி இறங்காமல் அதுதான் பிடித்துக்கொள்ளும். எனக்கோ மூக்கு செய்யும் அவசரம். பேருக்கு ஒன்றைக் கட்டிவிட்டு மண்ணை அப்பினேன். மறுநாள் காலை ஈரத்துணியை எடுத்தால் தாடை நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

சரி என்று மறுபடி கட்டினேன். இந்தத் தடவை நின்றது. ஆசிரியர் வந்தார், ஒன்றும் பேசாமல் சுழல்மேசையை ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போய்விட்டார். முன்னால் பார்த்தால் மாடலேதான், பக்கவாட்டில் பார்த்தால் சுவரில் மாட்டுகிற முகமூடி! காதுக்குப் பின்னால் மண்டையே இல்லை. பக்கவாட்டில் காது கிட்டத்தட்ட நடுவில்தான் இருக்கிறது, அதற்குப் பின்னாலும் ஏறக்குறைய பாதித் தலை மிச்சம் இருக்கிறது என்பது, இத்தனை வருடம் மனிதர்களைப் பார்த்தும், வரைந்தும், எனக்கு உறைக்கவே இல்லை.

அப்புறம் மூன்று வாரம் கேலிப்பரால் அளப்பது, மாடலையும் மேசையையும் ஒரே அளவு திருப்புவது, விளிம்புக்கோட்டை மட்டும் பார்த்து மண்ணைக் கூட்டுவது குறைப்பது, இதே வேலைதான். கண்ணும் உதடும் கடைசி இரண்டு நாளில் முடிந்துவிட்டன. பிரெஞ்சுச் சிற்பி ரோதானும் இப்படிக் கோணம் கோணமாகப் பார்த்துச் செய்தவர்தான். அவருடைய ‘வெண்கல யுகம்’ சிலை 1877இல் காட்சிக்கு வந்தபோது உயிருள்ள ஆள்மேலேயே அச்செடுத்துவிட்டார் என்று பழி சொன்னார்கள். என் தலையைப் பார்த்து யாருக்கும் அந்தச் சந்தேகம் வரவில்லை.

அடுத்தது மண் தலைமேல் பிளாஸ்டரைப் பூசி அச்செடுப்பது, இதில்தான் எல்லோருக்கும் கை நடுங்கும். தண்ணீரில்தான் பிளாஸ்டரைத் தூவ வேண்டும், பிளாஸ்டரில் தண்ணீரை ஊற்றினால் கட்டி கட்டியாகப் போகும். தூவிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் நீர்மட்டத்துக்கு மேல் சின்னத் தீவு மாதிரி நிற்கும், அங்கே நிறுத்தி, ஊறவிட்டு, குமிழி வராமல் கலக்க வேண்டும். முதல் பூச்சில் கொஞ்சம் நீலச்சாயம் சேர்ப்போம். ஏனென்றால் அச்சுக்குள்ளிருந்து மண்ணை எடுத்து, கழுவி, சோப்பு தடவி, வெள்ளைப் பிளாஸ்டர் ஊற்றி இறுகியபின் வெளி அச்சை உளியால் கொத்தி உடைக்கும்போது, நீலம் தெரிந்தால் உருவம் பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். கையை உள்ளே விட்டு அச்செடுக்கலாமா என்று ஒருவன் கேட்டான், நல்லவேளை கேட்டான், இறுகும்போது பிளாஸ்டர் தோல் வெந்துபோகிற அளவுக்குச் சூடேறும்.

நானும் நீலத்தைப் பார்த்தேன், பார்த்தும் இன்னும் ஒரு தட்டு தட்டினேன். மூக்கு நுனி உளியோடு வந்துவிட்டது. பின்மண்டை மட்டும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.