மருத்துவ முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்க ஐ.இ.எல்.டி.எஸ். எழுதிய அனுபவம்

பஞ்சாலைத் தொழிலாளர்களின் நுரையீரல் நோய் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்ய வேண்டும் என்ற எண்ணம், சமூக மருத்துவத்தில் எம்.டி. படித்த காலத்திலிருந்தே எனக்கு உண்டு. கோவை, பல்லடம், அவிநாசி, உடுமலை வட்டாரங்களில் நூற்பாலையோடு தொடர்பில்லாத குடும்பங்கள் குறைவு. பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் நோயில், வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் நெஞ்சு இறுக்கம் அதிகமாக இருக்கும் என்பதைப் பாடப்புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே, மில்லில் வேலை பார்த்த உறவினர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தொழில்சார் சுகாதாரத் துறையில் வலுவான பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் சிலவற்றுக்கு விண்ணப்பிக்க முடிவு செய்தபோது, ஆய்வுத் திட்டத்தை எழுதுவதைவிட ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தகுதித் தேர்வுக்குத் தயாராவதே அதிக உழைப்பைக் கேட்டது. இதே பாதையில் வரவிருக்கும் மருத்துவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் அந்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

எம்.பி.பி.எஸ்., எம்.டி. இரண்டையும் ஆங்கில வழியில்தானே படித்தோம், பிறகு எதற்கு இன்னொரு தேர்வு என்று பலரும் கேட்கிறார்கள். ஆங்கில வழியில் படித்ததற்கான சான்றைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்கின்றன. நான் விண்ணப்பித்த இடங்களில் ஏற்கவில்லை. அங்கே ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் மொத்தத்தில் 9-க்கு 7, எந்தப் பகுதியிலும் 6.5-க்குக் குறையக் கூடாது என்பது நிபந்தனை. துறைக்குத் துறை இது மாறும் என்பதால், நண்பர்கள் சொல்வதை நம்பாமல் அந்தந்தத் துறையின் சேர்க்கைப் பக்கத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்த குழப்பம், ஐ.இ.எல்.டி.எஸ். எழுதுவதா, ஓ.இ.டி. எழுதுவதா என்பது. ஓ.இ.டி. தேர்வு மருத்துவர், செவிலியர், பல் மருத்துவர் என 12 சுகாதாரத் தொழில்களுக்காகவே அமைக்கப்பட்டது. அதில் மருத்துவர் எழுதவேண்டிய கடிதம் பெரும்பாலும், நோயாளியை வேறொரு மருத்துவரிடம் அனுப்பும் ரெஃபரல் கடிதம். பேச்சுத் தேர்வு முழுவதும் நோயாளியோடு உரையாடுவது போன்ற இரண்டு காட்சிகள். கேட்டதுமே நமக்கு இதுதான் பொருத்தம் என்று தோன்றும். ஆனால் பிரிட்டனில் நோயாளிகளைப் பார்க்கப் பதிவு பெற விரும்புகிறவருக்குத்தான் அது நேரடியாக உதவும். அங்குள்ள பொது மருத்துவ மன்றம் ஓ.இ.டி.யில் நான்கு பகுதியிலும் ‘பி’ நிலையையோ, ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் உயர்கல்விக்கான வகையான அகடமிக்கில் மொத்தம் 7.5, ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 7 என்ற அளவையோ கேட்கிறது. என்னுடையது தொழிலாளர்களின் நுரையீரல் அளவீடுகளையும் தூசி அளவுகளையும் வைத்துச் செய்யும் ஆய்வு. அங்கே சிகிச்சை அளிக்கும் எண்ணம் இல்லை. பல்கலைக்கழகம் கேட்டது ஐ.இ.எல்.டி.எஸ். அகடமிக். ஆகவே அதையே எழுதினேன்.

தேர்வின் அமைப்பு எல்லோரும் அறிந்ததுதான். கேட்டலில் 40 கேள்விகள், சுமார் 30 நிமிடம். வாசிப்பில் மூன்று நீண்ட பத்திகள், 40 கேள்விகள், 60 நிமிடம். எழுத்தில் இரண்டு பணிகள், 60 நிமிடம். பேச்சு 11 முதல் 14 நிமிடம் வரை. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. கோவையிலும் ஈரோட்டிலும் பயிற்சி நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பட்டப்படிப்பு முடித்து வெளிநாடு செல்லும் மாணவர்களை மனத்தில் கொண்டு நடத்தப்படுபவை. மருத்துவர்களின் சிக்கல் வேறு வகையானது. நமக்கு ஆங்கிலச் சொற்களுக்குக் குறைவில்லை. நோயாளியின் விவரங்களைக் குறிக்கும் கேஸ் ஷீட் எழுதி எழுதிப் பழகிய ஆங்கிலம்தான் தேர்வில் காலை வாரிவிடும்.

‘ஃபிஃப்டி இயர் ஓல்ட் மேல், நோன் டயபடிக், காஃப் டென் டேஸ், நோ ஃபீவர்’ என்று ஓ.பி. சீட்டில் ஒரு நாளைக்கு நூறு முறை எழுதுகிறோம். வேலை நடக்கும் இடத்தில் அதில் குறை ஏதுமில்லை; அடுத்து வரும் டாக்டருக்கு எல்லாம் விளங்கிவிடும். ஆனால் அந்த வரியில் ‘ஏ’, ‘தி’ போன்ற சார்புச் சொல் ஒன்றுகூட இல்லை. பெயர்களை வினையோடு பொருத்தும் முழு வாக்கியமும் இல்லை. தமிழில் சார்புச் சொல் கிடையாது என்பதால் இயல்பாகவே நமக்கு அது நழுவும். கேஸ் ஷீட் பழக்கம் அந்த நழுவலை நியாயப்படுத்திவிடுகிறது. எழுத்துத் தேர்வின் நான்கு அளவுகோல்களில் ஒன்று இலக்கண வீச்சும் துல்லியமும். கால் பங்கு மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.

தமிழ் பழகிய கைக்கு வரும் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக இரவுப் பணியில் இருந்த, முகக்கவசம் அணியாத, புகைப்பழக்கமுள்ள தொழிலாளி’ என்று பெயருக்கு முன்னால் எல்லாவற்றையும் அடுக்குவது நமக்கு எளிது. ஆங்கிலத்திலும் அப்படியே அடுக்கினால், படிப்பவர் எழுவாய்க்கு வந்து சேர்வதற்குள் மூச்சு வாங்கிவிடும். எழுவாயையும் வினையையும் முதலில் வைத்துவிட்டு, மற்றவற்றைப் பின்னால் தொடரும் துணை வாக்கியங்களாக அமைக்கப் பழகியதுதான் என் எழுத்தில் கண்ட பெரிய மாற்றம். பட்டியல் போட்டுச் சொற்களை மனப்பாடம் செய்ததால் வந்த பயன் இதில் பாதிகூட இல்லை.

எழுத்தின் முதல் பணியில் ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ குறைந்தது 150 சொற்களில் விவரிக்க வேண்டும். சமூக மருத்துவம் படித்தவருக்கு இது விளையாட்டு என்று தோன்றும். அங்கேதான் கவனம் தேவை. மூன்று நாடுகளின் பிறப்பு விகிதம் குறைந்து வருவதைக் காட்டும் கோட்டுப்படம் கண்ணில் பட்டால், பெண் கல்வி, கருத்தடை, திருமண வயது என்று காரணம் எழுத நம் கை தானாகவே ஓடும். கேள்வி காரணத்தைக் கேட்கவே இல்லை. படத்தில் உள்ளதை மட்டும் சொல்ல வேண்டும். முதன்மையான போக்கு எது என்பதை ஓரிரு வாக்கியங்களில் பொதுவாகச் சொல்லிவிட்டு, எண்களை ஒப்பிட வேண்டும். அந்தப் பொதுப்பார்வை விடுபட்டால் மதிப்பெண் ஏறாது. எண்களை ஒன்றுவிடாமல் எழுதுவதும் பயனில்லாத வேலை.

இரண்டாம் பணிக்குக் குறைந்தது 250 சொற்கள். மதிப்பெண்ணில் முதல் பணியைப் போல் இருமடங்கு எடை அதற்கு. எனவே அதையே முதலில் எழுதி 40 நிமிடத்தில் முடித்துவிட்டு, மீதி 20 நிமிடத்தில் வரைபடத்துக்கு வருவது என் வழக்கமாயிற்று. ‘அரசு நோய்த் தடுப்புக்கு அதிகம் செலவிட வேண்டுமா, சிகிச்சைக்கா’ என்பது போன்ற தலைப்பு வந்தால் மகிழ வேண்டியதில்லை. தடுப்பூசித் திட்டங்கள், தேசிய சுகாதாரக் கொள்கை, நோய்ச்சுமைக் கணக்கு எல்லாம் முட்டி மோதிக்கொண்டு வரும். ஒன்றையும் வளர்த்துச் சொல்ல இடம் இருக்காது. ஒரு பத்திக்கு ஒரு கருத்து, அதற்கு ஒரு காரணம், ஒரே ஓர் எடுத்துக்காட்டு என்று நிறுத்திக்கொள்ளும் கட்டுப்பாடுதான் இங்கே சோதிக்கப்படுகிறது. மருத்துவமல்லாத தலைப்புகளான நகரப் போக்குவரத்து, பள்ளிச் சீருடை, சுற்றுலா போன்றவற்றில் நான் எழுதிய கட்டுரைகள் தரமாக இருந்ததற்கு, சொல்வதற்கு என்னிடம் அதிகம் இல்லாததே காரணம் என்று நினைக்கிறேன்.

வாசிப்புப் பகுதியிலும், தெரிந்ததையெல்லாம் உள்ளே கொண்டுவரும் இதே குணம் வேறு வடிவில் குறுக்கே வரும். ஒரு கூற்றைக் கொடுத்து, அது பத்தியின்படி சரியா, தவறா, அல்லது பத்தியில் சொல்லப்படவில்லையா என்று கேட்பார்கள். வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயைப் பற்றிய ஒரு பத்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒரு ஜோடிக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துக் குணம் கண்டார் என்ற அளவோடு பத்தி முடிகிறது. ‘பிரிட்டிஷ் கடற்படை இந்த முடிவை உடனே நடைமுறைப்படுத்தியது’ என்பது கூற்று. கடற்படை எலுமிச்சைச் சாற்றை வழக்கமாக வழங்க 1795 வரை ஆயிற்று என்று நமக்குத் தெரியும். உடனே ‘தவறு’ என்று குறித்துவிடுவோம். பத்தி அதைப் பற்றி வாய் திறக்கவில்லை என்றால் விடை ‘சொல்லப்படவில்லை’ என்பதுதான். வரலாறு தெரியாத ஒருவர் இந்தக் கேள்வியில் தடுமாறவே மாட்டார். இதற்கு நான் கண்ட வழி, ஒவ்வொரு விடைக்கும் பத்தியில் எந்த வரி ஆதாரம் என்று பயிற்சியின்போது விரல் வைத்துக் காட்டுவது. விரல் வைக்க வரி இல்லையென்றால் மூன்றாவது விடை. நேரம் இங்கே பெரிய எதிரி என்பதால், கடினமான மூன்றாம் பத்திக்குக் கொஞ்சம் அதிக நிமிடம் கிடைக்குமாறு முதல் பத்தியை விரைந்து முடிப்பது அவசியம்.

கேட்டலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒலிப்பதிவை ஒருமுறைதான் போடுவார்கள். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் போகும். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, வட அமெரிக்க உச்சரிப்புகள் கலந்து வரும். ஓ.பி.யில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேச, தேவையானதை மட்டும் பிரித்துக் கேட்டுப் பழகிய காது இங்கே நன்றாகவே கைகொடுத்தது. கடைசியில் வரும் விரிவுரை மட்டும் நடுவில் நிற்காமல் ஓடும் என்பதால், விட்ட விடையை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குக் கண்ணை நகர்த்தத் துணிய வேண்டும்.

பேச்சுக்குத்தான் எனக்கு ஆள் தேவைப்பட்டது. கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். மாலையில் அவர் வீட்டுத் திண்ணையில் கைப்பேசியில் நேரம் வைத்துக்கொண்டு உட்காருவோம். தேர்வின் இரண்டாம் கட்டத்தில் ஒரு சீட்டில் தலைப்புத் தருவார்கள். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, இரண்டு நிமிடம் வரை தொடர்ந்து பேச வேண்டும். ‘நீங்கள் கற்ற ஒரு திறமை’ என்ற தலைப்புக்கு நான் மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவதைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். அரை நிமிடத்தில் அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். “ஏனுங்க அம்மிணி, இது ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கறவங்களுக்குத்தான புரியும்? வெள்ளைக்காரரு ஒருத்தர் நம்ம ஊருக்கு வந்திருக்காருன்னு வெச்சுக்குங்க. அந்தியூர்த் தேர் நோம்பியைப் பத்தி அவருக்குச் சொல்லுங்க பாப்போம்.” அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தபோதுதான் என் ஆங்கிலத்தின் ஓட்டை தெரிந்தது. நோய்க்குறிகளைத் தடங்கலின்றிச் சொல்லும் வாய், ஒரு குதிரையின் நடையையோ, விலை பேசுகிறவர்கள் துண்டுக்கடியில் விரல் பிடிப்பதையோ சொல்ல வாக்கியம் கிடைக்காமல் திணறியது. அதன்பிறகு சந்தை, மஞ்சள் வேகவைப்பது, பேருந்துப் பயணம், பக்கத்து வீட்டுச் சண்டை என்று ஊர் விஷயங்களையே பேசிப் பழகினோம். “உச்சரிப்பை வெள்ளைக்காரர் மாதிரி மாத்த வேண்டாங்க, சொல்றது தெளிவா இருந்தாச் சரி” என்பது அவர் அடிக்கடி சொன்னது, தேர்வின் அளவுகோலும் அதையேதான் சொல்கிறது.

தேர்வுக்குப் பதிவு செய்யும்போது தமிழ்ப் பெயர்களுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. பட்டச் சான்றிதழில் முன்னெழுத்தோடு இருக்கும் பெயர், பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிந்து வேறு வரிசையில் இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதிவு செய்ய வேண்டும். பல்கலைக்கழக விண்ணப்பத்திலும் அதே பெயரையே கொடுத்துவிட்டால் பிறகு கடிதப் போக்குவரத்து மிச்சம். அரசுப் பணியில் இருப்பவர்கள் தடையின்மைச் சான்றுக்கான வேலையைத் தேர்வுக்கு முன்பே தொடங்கிவிடுவது உத்தமம். அது நகரும் வேகம் நம் கையில் இல்லை. மதிப்பெண் இரண்டு ஆண்டுகள் செல்லும் என்பதால், முன்கூட்டி எழுதுவதில் நட்டம் இல்லை.

கோவை மையத்தில் கணினி வழியில் எழுதினேன். சொல் எண்ணிக்கை திரையிலேயே தெரிவதும், பத்தியை வெட்டி இடம் மாற்ற முடிவதும் எழுத்துப் பகுதிக்குப் பெரிய உதவி. தட்டச்சு வேகம் இல்லாதவர்கள் மட்டும் தாள் வழித் தேர்வு கிடைக்கிறதா என்று பார்க்கலாம்.

கேட்டலில் 8.5, வாசிப்பில் 8, எழுத்தில் 6.5, பேச்சில் 7.5 கிடைத்தன. கூட்டி நான்கால் வகுத்தால் 7.625, அருகிலுள்ள அரைப்புள்ளிக்குச் சரிசெய்து மொத்தம் 7.5 என்று தந்தார்கள். எழுத்து மட்டும் நிபந்தனையின் விளிம்பில் நின்றது. விடைகளை மறுமதிப்பீட்டுக்கு அனுப்ப ஆறு வாரம் அவகாசம் உண்டு. கணினி வழியில் எழுதியவர்கள் 60 நாட்களுக்குள் ஒரே ஒரு பகுதியை மட்டும் மீண்டும் எழுதவும் வழி இருக்கிறது. எனக்கு இரண்டும் தேவைப்படவில்லை; எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஒரு பகுதி மறுதேர்வை ஏற்பதில்லை என்பதால், ஏற்கெனவே போதுமான மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு அதற்குப் பணம் கட்டுவது வீண் என்றும் நினைத்தேன். பதிவு பெற்று அங்கேயே பணிபுரிய விரும்பிய என் உடன்பயின்ற நண்பருக்கும் எழுத்தில் இதே 6.5தான் வந்தது, பொது மருத்துவ மன்றத்துக்கு 7 வேண்டும் என்பதால் அவர் ஓ.இ.டி.க்கு மாறி, இப்போது ரெஃபரல் கடிதங்கள் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறார்.